பல்லிழந்த நாயை வீட்டிற்கு அழைத்து வரலாமா?

மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவருகே சென்ற பின்னர், திரும்பி நின்று கேட்கப்படும் கேள்விகளே பெரும்பாலும் முக்கியமானவை. புறநோயாளிகள் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய எவரும் இதை அறிவர். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அவ்வாறு திரும்பி நின்றவர், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு 14 மாதங்கள் ஆகியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மனைவி. தொற்றுநோய் மருத்துவர் என்ற முறையில் அவ்வப்போது அவரைப் பரிசோதிக்கும் பொறுப்பு எனக்கு உண்டு. அந்த அம்மையார் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய்; முகவாய் நரைத்திருந்தது; நாக்கு ஒருபுறமாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“டாக்டர், இது விலங்குக் காப்பகத்தில் இருக்கிற நாய். பெயர் மணி. வாயில் பல்லே இல்லை, அதனால் கடிக்கவும் கடிக்காது. இவர் பகல் முழுவதும் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா?”

“வேண்டாம் அம்மா. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில் நாய் கூடாது” என்றேன்.

அவ்வளவுதான். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை. கணவர் மட்டும் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை என் வீட்டுக் கதவைத் திறந்ததும் என்னை எதிர்கொண்டவள் செம்பி. அவளும் காப்பகத்திலிருந்து வந்தவள்தான். வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் இருக்கவேண்டும். அவள் வாயில் எஞ்சியிருப்பவை 6. அதே வீட்டில்தான் 78 வயதான என் தந்தையும் இருக்கிறார். நீரிழிவு உடையவர், இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர். அவருக்காக நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளில் ஒன்றைக்கூட அந்தத் தம்பதியருக்குச் சொல்லிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு மருத்துவருக்கு அரை நிமிடம் போதும். ‘எப்போது, எந்த நாய், எவ்வாறு’ என்று விளக்குவதற்கு அரை மணி நேரம் தேவைப்படும். அடுத்த முறை அவர்கள் வந்தபோது அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கினேன். அன்று கூறியவற்றையும், அதன் பின்னர் வேறு சில குடும்பத்தார் கேட்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பற்களைப் பற்றி. செம்பியின் முற்காலம் குறித்துக் காப்பகத்தார் அறிந்திருந்தது சிறிதே. எங்கோ இரும்புச் சங்கிலியில் நெடுங்காலம் கட்டிப்போடப்பட்டிருந்தவள். அச்சங்கிலியைக் கடித்துக் கடித்து முன்பற்களும் கோரைப்பற்களும் தேய்ந்து, உடைந்து, வேர்வரை சீழ் பிடித்திருந்தன. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, இரண்டு தடவையாக அவற்றை அகற்றினாராம். வயது எட்டு இருக்கலாம் என்றார்கள். நாயின் வயதை வழக்கமாகப் பல்லைப் பார்த்தே கணிப்பார்கள். இவளிடம் அதற்கு வழியில்லாததால், முகத்து நரையைக் கொண்டு செய்த மதிப்பீடு அது.

வேறு காரணங்களாலும் நாய்கள் பல்லை இழக்கின்றன. அவற்றுள் முதன்மையானது ஈறு நோய். பல்லின் அடியில் படியும் அழுக்குப் படலம் இறுகிக் காரையாகி, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் தானாகவே ஆடி விழுகிறது. நமக்கு நேர்வதும் இதுவேதான். வாகனம் மோதித் தாடை உடைந்து பல்லிழந்த நாய்களையும் காப்பகங்களில் காணலாம். குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் தாக்கிப் பிழைத்த நாய்களுக்குப் பல்லின் மேற்பூச்சே சரியாக உருவாகாமல் போவதுண்டு. அத்தகைய பற்கள் விரைவில் சிதைந்துவிடும்.

“ஐயோ பாவம், எப்படிச் சாப்பிடும்?” என்பதே செம்பியைப் பார்க்க வந்த அனைவரும் கேட்ட முதற்கேள்வி. என் தந்தை ஒருபடி மேலே சென்று, தம்முடையதைப் போல இவளுக்கும் ஒரு பல்செட்டுக் கட்டிவிட முடியாதா என்று கேட்டார். அக்கேள்வியில் ஒரு பிழையான அனுமானம் இருக்கிறது: நாயும் நம்மைப் போலவே மென்று உண்கிறது என்பது அது. நாம் உணவை அரைக்கிறோம். நம் கீழ்த்தாடை பக்கவாட்டில் அசைகிறது. கடைவாய்ப் பற்கள் அம்மிபோல் தட்டையாக உள்ளன. மாவுப்பொருளைச் செரிக்கும் வேலை நம் உமிழ்நீரிலேயே தொடங்கிவிடுகிறது. நாயின் தாடையோ பெரும்பாலும் மேலும் கீழுமாக மட்டுமே இயங்குவது. அதன் பற்கள் பற்றவும் கிழிக்கவும் துண்டாக்கவும் ஏற்பட்டவை. துண்டான உணவை அது ஏறத்தாழ அப்படியே விழுங்கிவிடுகிறது. மாவுப்பொருள் செரிப்பதெல்லாம் சிறுகுடலில்தான். ஆகவே துண்டாக்கும் வேலையை நம் கத்தியும் கையும் செய்துவிட்டால், பல்லில்லாத நாய்க்கு உண்பதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. சீழ் பிடித்த பற்களோடு வலியில் தவித்த நாய், அவை அகற்றப்பட்டுப் புண் ஆறியதும் முன்னைவிட நன்றாக உண்ணத் தொடங்குவதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

இதை நானும் புத்தகத்தில் படித்திருந்தேன். இருந்தும் முதல் வாரம் பிழை செய்தோம். உணவு அனைத்தையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கி வைத்தோம். செம்பி இரண்டு முறை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நோயாளிக்குக் கஞ்சி வைப்பதுபோல நாங்கள் வைத்தோம். அவளுக்கோ நோயே இல்லை. ஒருநாள் என் தந்தையின் தட்டிலிருந்து கீழே விழுந்த இட்லித் துண்டை அவள் ஈறுகளால் ஒருமுறை அழுத்தி விழுங்கியதைப் பார்த்த பின்புதான் எங்களுக்கு விளங்கியது. இட்லியின் மென்மை, கட்டைவிரல் நகத்தின் அளவு: இதுவே அன்றுமுதல் எங்கள் சமையலறை அளவுகோல். குழைய வேகவைத்த சோறு, எலும்பு நீக்கி உப்பின்றி வேகவைத்துப் பிய்த்த கோழி இறைச்சி, மசித்த அவித்த முட்டை, பரங்கிக்காய் அல்லது காரட் ஆகியவற்றைக் கையால் பிசைந்து, வெதுவெதுப்பாக, அகன்ற ஆழமற்ற தட்டில் இரண்டு வேளை வைக்கிறோம். கடையில் கிடைக்கும் உலர் தீவனமாயின் வெந்நீரில் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்தில் கொடுக்கலாம். ஊட்டச்சத்துச் சமன்பாட்டிற்கு அதுவே எளிய வழி என்பார் எங்கள் கால்நடை மருத்துவர். பல்லில்லாத நாய்க்குத் தயிர்ச்சோறு போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் உள்ள புரதம் ஒரு நாய்க்குப் போதாது. மாதக்கணக்கில் அதையே உண்ணும் நாய் மெலிந்து, மயிர் மங்கிப்போகும்.

நம் வீடுகளில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது சாம்பார்ச் சோற்றில்தான். மென்மையாக இருக்கிறதே என்று அதைத்தான் முதலில் எடுத்து வைப்போம். சின்ன வெங்காயமானாலும் பெரிய வெங்காயமானாலும் பூண்டானாலும், பச்சையாயினும் வெந்ததாயினும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் தன்மை உடையவை. திராட்சையும், பாயசத்திலும் கேசரியிலும் சேரும் உலர்திராட்சையும் அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சாக்லேட்டும் ஆகாது. நீரிழிவு நோயாளிகள் உள்ள வீட்டில் சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களும் சூயிங்கமும் இருக்கும். அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனச் சரித்து உயிருக்கே ஊறு விளைவிக்கும். எலும்பு எதுவும் வேண்டாம். வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடையும். கடித்து நொறுக்க இயலாத நாயோ அதை முழுதாகவே விழுங்கிவிடும்.

எஞ்சியிருக்கும் பற்களையும் ஈறுகளையும் மறந்துவிடக் கூடாது. ஈரத் துணியை விரலில் சுற்றி மெல்லத் துடைத்தாலே போதும். நம் பற்பசையை நாய்க்குப் பயன்படுத்தக் கூடாது. வாயிலிருந்து கடும் நாற்றம், எச்சிலில் இரத்தம், உணவை வாயில் எடுத்துக் கீழே விடுதல், முன்காலால் வாயைத் தேய்த்தல், கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவை தென்பட்டால், ஈற்றுக்குள் உடைந்த வேர் ஏதேனும் தங்கியிருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். நாக்கு வெளியே தொங்குவதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. நாக்கை உள்ளே நிறுத்தும் வேலி போன்றவை கோரைப்பற்கள். வேலி இல்லாததால் அது சரிகிறது. நாக்கின் நுனி உலராதபடி பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

இனி, அந்த அம்மையார் கூறிய ஒரு சொல்லுக்கு வருகிறேன். “பல்லே இல்லை, அதனால் கடிக்காது.” என்னைக் கவலைகொள்ளச் செய்தது அதுதான். பல்லில்லாத நாயும் அஞ்சினால் கவ்வும். அதன் தாடையின் வலிமை குறைவதில்லை. காயம் சிறிதாக இருக்கலாம். ஆனால் வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ் பரவுவதற்குப் பெரிய காயம் தேவையில்லை. கிருமி இருப்பது உமிழ்நீரில். நோயுற்ற நாயின் உமிழ்நீர், தோலில் உள்ள கீறலிலோ புண்ணிலோ, கண், வாய், மூக்கு ஆகியவற்றின் உட்படலத்திலோ பட்டாலே போதுமானது. அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பின் வழியே மூளையைச் சென்றடையப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும்; சிலருக்கு அதைவிடக் குறைவாகவும் சிலருக்கு மிக நீண்டும் இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் தடுப்பூசியால் காக்க முடியும்.

உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய தொடர்பை மூன்று வகையாகப் பிரித்துள்ளது. நாயைத் தொடுதல், உணவூட்டுதல், காயமற்ற தோலை அது நக்குதல் ஆகியவை முதல் வகை; கழுவிக்கொண்டால் போதும், ஊசி தேவையில்லை. இரத்தம் வராத சிறு கீறலும், திறந்த தோலை மெல்லக் கவ்வுவதும் இரண்டாம் வகை, தடுப்பூசி தேவை. தோலைத் துளைத்த கடியும், இரத்தம் வந்த கீறலும், புண்ணின் மீதோ கண், வாய் உட்படலத்தின் மீதோ உமிழ்நீர் படுவதும் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. பல்லில்லாத நாய் ஈறுகளால் கவ்வுவது இரண்டாம் வகையில் அடங்கும். ஆனால் இந்த மடலைப் படிக்கும் பலருக்கும் பொருந்தும் ஒரு விதி உண்டு: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையாகவே கருதி, இரண்டு ஊசிகளையும் முழுமையாகச் செலுத்தவேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், கீமோதெரபி பெறுபவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவமனைக்குச் சென்றதும் முதலில் இதைத் தெரிவிக்கவேண்டும். பணிமிகுதியில் இருக்கும் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்தக் கடியானாலும் முதற்பணி, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுதல். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. அவை கிருமியை அழிப்பதில்லை, புண்ணைத்தான் கெடுக்கும். ஊசிக்கு அஞ்சித் தள்ளிப்போடும் முதியவர்களை இன்றும் காண்கிறேன். ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்ற நினைவு அவர்களை விட்டு அகலவில்லை. அது விலங்கின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தின் பெயரை நம் பாட்டன்மார் அறிந்திருந்தது அந்தக் காலத்து ஊசியால்தான். அவ்வகை மருந்தை இந்தியா 2004ஆம் ஆண்டோடு கைவிட்டுவிட்டது. இப்போது போடப்படுவது கையில், நான்கு அல்லது ஐந்து தவணைகளில் முடிந்துவிடும் ஊசி. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவு எழுதிய பின், ‘பிறகு எதற்கு நாய்?’ என்று தோன்றுவது இயல்பே. அடுத்த சந்திப்பில் அந்த ஆசிரியரும் அதையே கேட்டார். நான் கூறியது இது: இடர் எந்த நாயிடமும் உண்டு, ஆனால் எல்லா நாயிடமும் ஒரே அளவில் இல்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் வீட்டிற்குப் பொருந்தாதது குட்டிதான். ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டிகளின் குடலில் கேம்பிலோபாக்டர் போன்ற நுண்ணுயிரிகளும் புழுக்களும் மிகுதி; அவை கண்டதைக் கடிக்கும், நகத்தால் கீறும், வீடெங்கும் அசுத்தம் செய்யும். இருந்தும், நாய் வாங்கவேண்டுமென்றால் குட்டியாக வாங்குவோம் என்றே நம்மவர் எண்ணுகிறார்கள். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, சில மாதங்கள் காப்பகத்தில் கண்காணிப்பில் இருந்த, நிதானமான முதிய நாய் மருத்துவக் கண்ணோட்டத்தில் பன்மடங்கு மேலானது. எவரும் விரும்பாத மணி, அந்த ஒரு வகையில் அவருக்கு ஏற்ற நாயாகவே இருந்தான்.

தெருவிலிருந்து நேரே தூக்கி வருவதை மட்டும் நான் ஒப்பவில்லை. தடுப்பூசி போட்ட அன்றே நாய்க்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. சில வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே கிருமி உடலில் புகுந்திருந்தால் அந்த ஊசியால் பயனும் இருக்காது. காப்பகத்தில் கழிந்த மாதங்களுக்கு இதனால்தான் மதிப்பு. காதின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால், கருத்தடைத் திட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டு அறுவையும் ரேபிஸ் ஊசியும் ஒருமுறை பெற்ற நாய் என்பது பொருள். ஆயினும் அந்த ஊசியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். சென்னையில் இருப்பவர்கள் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளை நாடலாம். பரிசோதனைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. ரேபிஸ் ஊசியோடு எலிக்காய்ச்சல் உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசி, மலப் பரிசோதனை, குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு ஆகிய அனைத்தும் நாய் வாசற்படி ஏறுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். உறுப்பு மாற்றிய முதல் சில மாதங்களிலும், நிராகரிப்புக்காக மருந்தின் அளவு கூட்டப்பட்டிருக்கும்போதும், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போதும் புதிய விலங்கு எதுவும் வேண்டாம். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களும் கல்லீரல் சுருக்க நோயாளிகளும் தனித்து எண்ணிப் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான நாயின் வாயிலும் இயல்பாகவே வாழும் கேப்னோசைட்டோபேகா என்ற நுண்ணுயிரி, பிறருக்குத் தீங்கு செய்வது அரிது. இவர்களுக்கோ ஒரே நாளில் இரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். பல்லில்லாத நாய்க்கு எச்சில் வழிதல் மிகுதி என்பதால் இதைச் சேர்த்தே எண்ணவேண்டும். இத்தகைய சிலரிடம் இன்றும் நான் ‘வேண்டாம்’ என்றே கூறுகிறேன். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கூறுகிறேன்.

மற்றவர்களுக்கு வீட்டுக்குள் சில கட்டுப்பாடுகள். மலம் அள்ளுதலும், சிறுநீர் துடைத்தலும், குளிப்பாட்டுதலும், உண்ணி எடுத்தலும், வாய் துடைத்தலும் நோயாளியின் வேலையாகக் கூடாது. அவற்றைச் செய்ய வேறொருவர் உறுதியாக இருக்கிறாரா என்பதே நான் கேட்கும் முதற்கேள்வி. இல்லையெனில் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுவேன். நோயாளியின் முகத்தையும் புண்ணையும் நாய் நக்கக் கூடாது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களாயின் குழாய் மாற்றும் அறைக்குள் அது நுழையவே கூடாது. ஹீமோடயாலிசிஸ் செய்பவர்கள் ஊசி குத்திய கையை மூடி வைத்துக்கொள்ள வேண்டும். தொட்ட பின்பு கை கழுவவேண்டும். பச்சை இறைச்சி நாய்க்கும் வேண்டாம். அதிலுள்ள சால்மோனெல்லா தட்டின் வழியே உங்கள் கைக்கு வரும். நாய் உங்கள் படுக்கையில் அன்றி வேறிடத்தில் உறங்கட்டும். இதை எழுதும்போதே எத்தனை பேர் கடைப்பிடிப்பார்கள் என்ற ஐயம் எனக்கும் உண்டு. என் தந்தையே இரண்டாம் மாதத்தில் மீறிவிட்டார்.

அவருக்காக நாங்கள் அஞ்சியது கிருமியைவிடத் தடுக்கி விழுவதையே. இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை உட்கொள்ளும் முதியவர், இருட்டில் கழிவறைக்குச் செல்லும் வழியில் படுத்திருக்கும் நாயின்மீது இடறி விழுந்தால் நேரக்கூடியது மூளைக்குள் இரத்தக்கசிவு. செம்பியின் கழுத்துப் பட்டையில் ஒரு சிறு சலங்கையைக் கட்டினோம். நடைவழியில் இரவு விளக்கைப் போட்டோம். மற்றொன்று, கீழே விழும் மாத்திரைகள். நோயாளி இருக்கும் வீடு, மாத்திரைகள் சிதறும் வீடு. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்க்கு நஞ்சு. புற்றுநோய்க்கான ஃபுளூரோயுராசில் களிம்பைச் சிறிதளவு நக்கினாலே நாய் இறக்க நேரிடும். பல்லில்லாத நாய் மாத்திரையைக் கடித்துக் கசப்பறிந்து துப்பப் போவதில்லை, நேராக விழுங்கிவிடும்.

வீட்டிற்கு வரும் முதல் நாட்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். உறவினரைக் கூட்டிக் காட்ட வேண்டாம். ஒரு மூலை, ஒரு பழைய விரிப்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம் போதும். மூன்று நாளில் அச்சம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பழகும், மூன்று மாதத்தில் உரிமை கொண்டாடும் என்பது காப்பகத்தார் சொல்லும் கணக்கு. செம்பிக்கு இரண்டாவது கட்டத்திற்கே இரண்டு மாதங்கள் பிடித்தன. வாயில் நெடுநாள் வலி கண்ட நாய், முகத்தருகே வரும் கையைக் கண்டாலே ஒதுங்கும். தலையில் தட்டிக் கொடுப்பதை விடுத்து, மார்பின் பக்கமாகத் தடவுங்கள். உறுமினால் அதட்டாதீர்கள், விலகிக்கொள்ளுங்கள். தெருவில் மற்ற நாய்களிடம் தன்னைக் காத்துக்கொள்ளும் கருவி அதனிடம் இல்லை என்பதையும் மறவாதீர்கள். கயிற்றோடு, நாய்க்கூட்டம் இல்லாத வேளையில் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த ஆசிரியர் இவை அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், பழைய வழக்கம். சிறுநீரக மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுவிடச் சொன்னேன். வெளியூரிலிருந்த மகன் திரும்பி வந்து, அள்ளுதலும் துடைத்தலும் தன் பொறுப்பு என்று உறுதியளிக்க நான்கு மாதங்கள் ஆயின. அதன் பின்பே மணி வந்தான். முதல் இரண்டு நாட்கள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தானாம். மூன்றாம் நாள் காலை, மசித்த முட்டையை ஆசிரியர் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி அமர்ந்து செய்தித்தாளைப் பிரித்த பிறகுதான் வெளியே வந்திருக்கிறான்.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தார்கள். கிரியாட்டினின் அளவு மாறாமல் நிலையாக இருந்தது. அதற்கும் நாய்க்கும் தொடர்பு உண்டென்று நான் கூறமாட்டேன். உடலில் மருந்தின் அளவு சீராக இருக்க, டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், நேரம் தவறாமல் உட்கொள்ளவேண்டும். முன்பெல்லாம் மனைவி நினைவூட்டிக்கொண்டே இருப்பாராம். இப்போது காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மணி தட்டருகே வந்து நின்றுவிடுகிறானாம். இவர் முதலில் தம் மாத்திரையை விழுங்கி, கை கழுவிவிட்டு, பிறகு முட்டையை மசிக்கிறாராம்.

“நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்க்கிறான் டாக்டர், என்னால் உட்கார முடிவதில்லை” என்றார்.

கையில் கீறல் ஏதும் உள்ளதா என்று பார்த்தேன், இல்லை. உண்ணி மருந்து எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். மனைவி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டித் தேதி சொன்னார். அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில், அடுத்த இரத்தப் பரிசோதனை நாளுக்குக் கீழே, மணிக்கு ரேபிஸ் ஊசி போடவேண்டிய நாளையும் எழுதிக் கொடுத்தேன்.